நல்ல தண்ணிக் கிணறு

“பாஸ்தானே பிள்ளை?”

நுஸ்ரியாவுக்கு எரிச்சல் தலைக்கு ஏறியது. வாளித் தண்ணீருக்குள் உப்பு அளக்கும் மீற்றரை விட்டு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“இது என்ன ஓ.எல். சோதினையே அன்ரி, பாஸ் பண்ணுறதுக்கு? கொஞ்சம் பொறுங்கோ. அதுக்கு முதல் சொல்லுங்கோ, உங்கட வாசல்ல ஆர் இப்பிடிக் கிடங்கு விழ வாகனம் விட்டது? ஸ்கூட்டியோட விழப் பாத்தனான்.”

“கம்பனி லொறியாயிருக்கும்” என்றாள் அன்ரோனெற். “அதுகள்தானே கண்டபாட்டுக்கு ஓடித் திரியிறது.”

மீற்றரில் எண் வந்து நின்றது. நல்ல தண்ணீர். பச்சைப் பிள்ளைக்குப் பால்மா கரைக்கலாம், அவ்வளவு நல்ல தண்ணீர்.

நுஸ்ரியா பட்டரியைக் கழற்றித் திரும்பப் போட்டாள். அதே எண். அளவு நாடாவைக் கிணற்றுக்குள் இறக்கினாள். தண்ணீர் போன முறையைவிட உயர்ந்து நின்றது. மழையைக் கண்டு மாதக்கணக்கு. வறண்ட சோளகக் காற்றில் வேலி ஓலைகூட மொறுமொறுத்துக் கிடக்கிறது. கிணறு மட்டும் ஏறுகிறதாம்.

பின்னால் இருக்கும் பனை வடலிக்குள் கம்பனி துளை போட்டுப் பார்த்துவிட்டது. இனி நிலத்துக்கடியில் இருக்கும் மணலை வெட்டி எடுக்க வேண்டும். அந்தத் துளைகளால் சுற்றியுள்ள கிணறுகளில் உப்பேறியிருந்தால் அனுமதி கிடையாது. இந்தக் குறிச்சிக்கு அளவெடுக்கும் கிணறு இது ஒன்றுதான். அனுமதி கொடுப்பதா என்று கொழும்பில் கூட்டம் தொடங்கிவிட்டது. நுஸ்ரியா அனுப்பப்போகும் இந்தக் கடைசி எண்ணுக்குத்தான் காத்திருக்கிறார்கள்.

இதில் ஒரு சொல்லும் வீட்டுக்காரருக்குத் தெரியக்கூடாது. வேலையில் சேரும்போதே அது கட்டளை. தெரிந்தால் ஆக்கள் கிணற்றில் ஏதாவது செய்துவிடுவார்களாம். கொண்டச்சி ஊரில் அவளுடைய குடும்பத்தில் பல்கலைக்கழகம் போனது அவள்தான் முதல். வாயை மூடிக்கொண்டிருக்கவா அவ்வளவு படித்தேன் என்று தினமும் நினைப்பாள். தினமும் வாயை மூடிக்கொண்டிருப்பாள்.

“அன்ரி, இந்தக் கேத்திலுக்குள்ள என்ன வெள்ளையாப் படிஞ்சிருக்கு?”

“அது பழைய கேத்தில்.”

“மிளகாய்க் கண்டு கருகியிருக்கே?”

“வெயில் பிள்ளை.”

“குடிக்கத் தண்ணிப் போத்தல் வாங்கி வைச்சிருக்கிறியளே?”

“அது இவருக்கு. வயித்துக் கோளாறு.”

வேலிக்கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த அமிர்தநாயகம், தன் வயிற்றைப் பற்றிய செய்தியை அப்போதுதான் கேட்பவர்போல நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். பிறகு திரும்ப வலைமேல் குனிந்துகொண்டார்.

“எல்லாத்துக்கும் ஒரு பதில் வைச்சிருக்கிறியள்” என்றாள் நுஸ்ரியா.

“நீங்கள் எனக்கு ஒரு பதில் சொல்லுங்கோவன். தண்ணி சரியில்லையெண்டு வந்தால் என்ன செய்வாங்கள்? பின்குறிச்சி ஆக்களையும் தண்ணி கூடாது, இருக்கேலாத இடம் எண்டு சொல்லித்தானே மடுக் காட்டுப் பக்கம் வீடு குடுத்து ஏத்தினவங்கள். அங்க மாதாவைக் கும்பிடலாம். மீன் பிடிக்கேலுமே? சண்டைக்குள்ள ஒருக்கா எழும்பி ஓடினது எங்களுக்குக் காணும்.”

“எனக்கு அதொண்டும் தெரியாது அன்ரி. நான் எண் மட்டும்தான் எழுதுறனான்.”

கைத்தொலைபேசி அடித்தது. கொழும்பிலிருந்து மேலதிகாரி பவ்ஸான்.

“சேர், மழையே இல்லை, மட்டம் ஏறியிருக்கு. எங்கயோ பிழை. இன்னொரு நாள் வந்து பாக்கிறன்.”

“தண்ணி கூடிப்போச்செண்டு அழுற ஆளை இண்டைக்குத்தான் காணுறன். மீற்றர் சரிதானே?”

“சரி, ஆனா…”

“அப்ப எண்ணை அனுப்பும். இஞ்ச எல்லாரும் காத்துக்கொண்டிருக்கினம்.”

அனுப்பினாள். வேறு என்ன செய்ய? சந்தேகத்தை அளக்க மீற்றர் இல்லை. கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: ‘அனுமதி கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் வெட்டத் தொடங்குவார்கள்.’

“என்னவாம்?” என்றாள் அன்ரோனெற்.

“நல்ல தண்ணியாம்.”

அன்ரோனெற் சிலுவை போட்டுக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு. ஓடிப்போய்க் கிளாசில் சோடா ஊற்றி வந்தாள். “குடியுங்கோ பிள்ளை. நீங்கள் ஒவ்வொருமுறையும் முதல்நாளே கோல் எடுத்துச் சொல்லிப்போட்டு வாறது எவ்வளவு பெரிய உதவி தெரியுமே.”

அந்தச் சிரிப்பைத்தான் நுஸ்ரியாவால் தாங்க முடியவில்லை. கட்டளை, சம்பளம் எல்லாம் போய்த் தொலையட்டும்.

“என்னத்துக்குச் சிரிக்கிறியள் அன்ரி? உப்பெண்டு வந்திருந்தால் கம்பனிக்கு அனுமதி குடுத்திருக்க மாட்டாங்கள். ஒவ்வொருமுறையும் நல்ல தண்ணி, நல்ல தண்ணியெண்டு வந்தபடியால்தான் குடுத்திட்டாங்கள். அடுத்த மாதம் வடலிக்குள்ள மெசின் வருது. முதல்ல எழுப்பப்போறது உங்களைத்தான்.”

கிளாஸ் அன்ரோனெற்றின் கையில் அப்படியே நின்றது. வேலிக்கரையில் வலை பிரித்த கையும் நின்றது. சோடாவைக் கிணற்றுக்கட்டில் மெல்ல வைத்துவிட்டு, அவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

“கேட்டியளேப்பா? பிள்ளை கோல் எடுக்கிற நாளெல்லாம் உப்புத் தண்ணியை இறைச்சுக் கொட்டிப்போட்டு, தண்ணிப் பவுசர் லொறியைக் கூப்பிட்டுக் கிணத்தை நிரப்பினது ஆரின்ர புத்தி?”