இரண்டு மார்க்கு

"அந்த ரெண்டு மார்க்கு போட்ட ஆளு யாருன்னு மட்டும் தெரிஞ்சா போதும், ஐயா!"

சைக்கிளைச் சுவரில் சாய்த்துக்கொண்டே சேதுராமன் கேட்டதும், காஜா பேராங் தெருவில் தன் வீட்டு வாசலில் கோப்பி குடித்துக்கொண்டிருந்த பொன்னுதுரை நிமிர்ந்து பார்த்தார்.

சேதுராமன் மலாக்கா கோல்ஃப் கிளப்பில் புல் வெட்டும் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர். பதினாறு வருடமாக அந்த ஒன்பது குழித் திடலில் ஒரு லாலாங் களைகூடத் தலைகாட்ட விட்டதில்லை. மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மெர்டேக்காவுக்கு மறு வருடம், கோலாலம்பூர்ப் பத்திரிகை ஒன்று நாட்டின் பன்னிரண்டு கோல்ஃப் திடல்களுக்கு மார்க்கு போட்டு வரிசைப்படுத்தியது. மலாக்காவுக்கு ஒன்பதாவது இடம். மூன்று நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பொன்னுதுரை நில அளவை ஆபீசில் பெரிய வேலையில் இருப்பவர். கிளப்பின் ஒரே தமிழ் உறுப்பினர். ஊருக்கு ஒருவராக ஐந்து ஊர்களிலிருந்து மார்க்கு போட்ட நடுவர்களில் மலாக்காக்காரர்.

"யார் எவ்வளவு போட்டாங்கன்னு பத்திரிகையில வரலையே, சேதுராமன்."

"பேர் வரலை. மார்க்கு வந்திருக்கே! நமக்கு ஒன்பது, எட்டு, எட்டு, எட்டு, அப்புறம் ரெண்டு. நாலு பேருக்கு நல்லா தெரிஞ்ச புல்லு ஒருத்தன் கண்ணுக்கு மட்டும் காஞ்சா போச்சு? கோலாலம்பூர்க்காரன் வேலைதான். தன் ஊர் மேல நிக்கணும்னு நம்மள அமுக்கிட்டான்."

"சும்மா ஒருத்தர் மேல பழி போடக் கூடாது."

"அப்படின்னா கணக்கு பார்த்துடலாம்."

சேதுராமன் பத்திரிகையைத் தரையில் விரித்துக் குந்தினார். காதில் செருகியிருந்த பென்சில் இறங்கியது.

"பினாங்குக்கு ஒரு பத்து இருக்கு. அவங்க ஊர் நடுவர் போட்டிருப்பாரு. ஈப்போவுக்கு ஒரு பத்து. கோலாலம்பூருக்கு ஒரு பத்து. ஜொகூருக்கும் ஒன்னு. நாலு நடுவரும் அவங்கவங்க ஊருக்குப் பத்து போட்டிருக்காங்க. மீதி நடுவர் நீங்க ஒருத்தர்தான். நம்ம ஊருக்கு..."

பென்சில் நின்றது. மலாக்கா வரிசையை அவர் மறுபடி படித்தார். அதில் பத்து இல்லை.

"நீங்க எவ்வளவு போட்டீங்க, ஐயா?"

பொன்னுதுரை கோப்பிக் குவளையைக் கீழே வைத்தார். "அந்த ரெண்டு நான் போட்டதுதான்."

சேதுராமன் எழுந்துவிட்டார்.

"வெளியூர்க்காரங்க எட்டும் ஒன்பதும் போட்டாங்க. சொந்த ஊர்க்காரர் நீங்க ரெண்டு! என் புல்லுல என்ன குறை கண்டீங்க?"

"குறையே இல்ல. பத்து போடலாம். நானும் பத்துன்னுதான் எழுதினேன். அப்புறம் அழிச்சேன்."

"ஏன்? ஊர்க்காரனுக்குச் சலுகை காட்டினதா பேச்சு வரும்னு பயமா?"

"உட்காருங்க."

"நான் நின்னுக்கறேன். சொல்லுங்க."

பொன்னுதுரை தெருவை ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"முதல் அஞ்சு இடத்துக்குள்ள வந்தா திடலைப் பதினெட்டுக் குழியாக்கணும்னு கிளப் கமிட்டி முடிவு பண்ணியிருக்கு. எங்க ஆபீசுக்கு பிளான் வந்துச்சு. நானே போய் அளந்தேன். புதுசா ஒன்பது குழி வரணும்னா, கிழக்கு வேலிக்கு அந்தப் பக்கம் உள்ள கம்போங் முழுசையும் காலி பண்ணணும். நாப்பத்து மூணு வீடு. பதினேழாவது குழி உங்க அடுப்படியில வருது, சேதுராமன்."

சேதுராமன் குனிந்து பத்திரிகையை மடித்தார். பிறகு மெல்லக் கேட்டார்:

"அடுத்த வருஷமும் நீங்கதானே ஐயா நடுவர்? அப்ப ஒரு மார்க்கு போதும்."