முன் டயரின் எலுமிச்சம்பழம்

ஊர் ஊராகச் சுற்றும் தன் பைக்குக்குக் கதிரேசன் பின் டயரை மட்டும் புதிதாக மாற்றினான். கம்பெனியிலிருந்து வந்த முன் டயர் அப்படியே இருந்தது. கிளம்பும்போது எலுமிச்சம்பழத்தைப் பின் சக்கரத்தடியில் வைத்தான்.

முன் டயருக்கு வயிறெரிந்தது. "நாலு வருஷமா பழம் நசுக்கினது நான். நேத்து வந்த உனக்கு மரியாதையா?"

"அண்ணே, நீங்க திரும்பினாத்தானே நான் திரும்ப முடியும்?" என்றது பின் டயர்.

"ரொம்பப் பேசாதே."

மலைப்பாதையில் கதிரேசன் பூரித்துப்போனான். "புது டயர் என்னமா சாயுது!"

அதைக் கேட்டதும் முன் டயர் விறைத்துக்கொண்டது. அடுத்த வளைவில் பைக் திரும்ப மறுத்து, ஓரத்துக் கல்லை உரசிக்கொண்டு போய் நின்றது.

ஊர் திரும்பியதும் கதிரேசன் மெக்கானிக் சுபேரிடம் கத்தினான். "பாய், புது டயர் சரியில்ல. கழட்டிடுங்க."

முன் டயருக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை.

சுபேர் பாய் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். "பின்னது தங்கம் தம்பி. அதோட ஒத்துப்போகாம அடம்பிடிக்கிறது இதுதான்" என்று முன் சக்கரத்தைக் கழற்றினார்.

மாலையில் எலுமிச்சம்பழம் மறுபடியும் முன்னால் வந்தது. கடைச் சுவரில் சாய்ந்தபடி, வேறொரு டயர் அதை நசுக்குவதைப் பழைய டயர் பார்த்துக்கொண்டிருந்தது.