மூணாவது சனிக்கிழமை

"கோவிந்தா! கோ...விந்தா!"

கருப்புச் சட்டை முனிரத்தினம் போட்ட சத்தம் பெருநகர் கிராமத்துத் தெருமுனை வரைக்கும் கேட்டது. சின்ன வயசில் புரட்டாசி சனிக்கிழமைதோறும் சொம்பு ஏந்தி வீடு வீடாகப் போட்டுப் பழகிய குரலாயிற்றே. சாமியை விட்டு இருபது வருஷமாகியும் குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"இன்னா முனிரத்தினம், மேடைக்கு ஒத்திகையா?"

வாசலில் சைக்கிளோடு நின்றவர் வேதகிரி. இருவருக்கும் ஒரே பகுத்தறிவு மன்றம்.

முனிரத்தினம் கையில் கற்பூரத் தட்டு, நெற்றியில் பட்டை நாமம். எதிரே வாழை இலையில் புளியோதரை, வடை, மாவிளக்கு. எதையென்று மறைப்பது?

"நாளைக்கு உத்திரமேரூர் கூட்டத்துக்கு நீதான் தலைமை. 'பூசை ஏன்? புத்தி எங்கே?'ன்னு நோட்டீஸே அடிச்சாச்சு. குடுக்கலாம்னு வந்தேன். நல்லவேளை வந்தேன்! வேற ஆளைப் பாத்துக்கறோம்பா."

பதினோரு வருஷமாகக் காத்திருந்து கிடைத்த தலைமை!

"அய்யய்யோ, எனக்கு இன்னா பக்தி? எல்லாம் என் சம்சாரத்துக்காகத்தான்பா!" சமையற்கட்டைக் கை காட்டினார் முனிரத்தினம். "படிக்காத பொம்பள. தளிகை போடலைன்னா அழுது ஊரைக் கூட்டிடுவா. போனா போவுதுன்னு தட்டைப் புடிக்கறேன்."

"நாமம்?"

"அவ போட்டு வுட்டது."

"கோவிந்தா?"

"அவளுக்குத் தொண்டை கட்டிக்கினு கீது."

வேதகிரி தலையில் அடித்துக்கொண்டார். "ஊருக்குத்தான் உபதேசமா? நீ பேசிப் பேசி இதுவரைக்கும் ஒரே ஒரு ஆளு மாறிக் கீதா? பேரைச் சொல்லு, நீயே தலைமை தாங்கு."

முனிரத்தினம் யோசித்துப் பார்த்தார். ஒரு பெயரும் வரவில்லை. அவமானம் பிடுங்கித் தின்றது.

"உக்காருண்ணே!" என்று கணீரென்று சொல்லிக்கொண்டு வடைத் தட்டோடு வந்தாள் சிட்டம்மாள். தொண்டை நன்றாகவே இருந்தது. "ஒரு ஆளு மாறிக் கீதுண்ணே. நான்தான்."

"இன்னாது?"

"எழுபத்திரண்டுல பஸ் ஸ்டாண்டாண்ட இவுரு பேசினாரே, முக்காடு போட்டுக்கினு கடைசியில நின்னு கேட்டேன். அன்னிக்கு சாமிய வுட்டவதான். ஏழு வருஷமாச்சு."

முனிரத்தினத்துக்கு வாயெல்லாம் பல். "கேட்டுக்கினியா வேதகிரி?"

வேதகிரி விடவில்லை. "அப்ப எதுக்கும்மா இந்தத் தளிகை?"

புருஷன் பக்கம் வடைத் தட்டை நீட்டினாள் சிட்டம்மாள்.

"அந்த வருஷமே நிறுத்திப் பாத்தேண்ணே. மூணாவது சனிக்கிழமை விடிகாலையிலயே இவுரு குளிச்சிட்டு, அடுப்பாண்ட வந்து வந்து எட்டிப் பாத்துட்டுப் போனாரு, பாவம். வாயைத் தொறந்து கேக்க கௌரவம் வுடல. அதான், தளிகை போட்டே ஆவணும்னு நானே பொய்யா அழுதேன்."