மிகுந்த ஒற்று

பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டும் கூடத்தில் மறுபடியும் சிரிப்பொலி எழுந்தது. மேற்பார்வையாளர் சீறிக்கொண்டு வந்தார். தொழிற்சாலையைச் சுற்றிப்பார்க்க வந்திருந்த அவருடைய தந்தையாகிய ஓய்வுபெற்ற தமிழாசிரியரும் உடன் வந்தார்.

“லேபிள் ஒட்டுறதுல என்னம்மா சிரிப்பு வேண்டிக் கிடக்கு? நாளையிலேர்ந்து நீ வர வேணாம்!”

நடுவில் நின்ற பெண்ணின் முகம் வெளிறியது.

“வேலையை விட்டுத் தூக்கிடாதீங்க சார். நாள் முழுக்க இதையே ஒட்டுனா பைத்தியம் புடிச்சிரும். அதான் அந்தப் போர்டைப் பாத்துச் சிரிச்சோம்.”

‘வேலைச் செய்யும் இடத்தில் சிரிக்கக் கூடாது’ என்றது சுவர்ப்பலகை.

“இதுல என்ன சிரிப்பு?”

“வேலைச் செய்யுற இடம்னா, வேல் செய்யுற இடம்தானே சார்? ‘அக்கா, உன் வேல் கூரா வந்துச்சா’ன்னு கேட்டேன். ‘முதல்ல எந்த ராஜாவைக் குத்தணும்னு சொல்லுடி’ன்னாங்க.”

தமிழாசிரியர் கொதித்தெழுந்தார்.

“ஒற்றுப்பிழை! இந்தப் பொண்ணை ஏன்டா அனுப்புறே? இதை எழுதுன மடையனை அனுப்பு!”

கூடமே கொல்லென்று சிரித்தது.

“எழுதுனது நான்தாம்ப்பா” என்றார் மகன் தாழ்ந்த குரலில். “ஆனா, ‘ச்’ இல்லாமத்தான் எழுதியிருந்தேன்.”

“பிறகு?”

“வீட்டுல உங்ககிட்ட காட்டுனேன். ‘ஒற்று மிகும்டா, மடையா’ன்னு நீங்கதான்...”

பெண்கள் சட்டெனத் தலைகுனிந்து லேபிள் ஒட்டத் தொடங்கினர். ஒருத்திகூடச் சிரிக்கவில்லை.

சிரித்துத் தொலைத்திருந்தாலாவது தேவலை என்றிருந்தது ஆசிரியருக்கு.