ஹொகுசு

செவன் ஹில்ஸ் வீட்டுக் குசினி யன்னலால் மாலை வெயில் மேசைவரை வருகிறது. காலையில் மிஞ்சிய இடியப்பத்தைக் கொத்துப் போடுவதற்காக யோகாவும் ஜப்பான்கார மருமகள் ஹருகாவும் எதிரெதிரே இருந்து உதிர்க்கிறார்கள். நேற்று விருந்தினர் முன்னால் ஹருகா வாய் நிறைய "யோகா" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதிலிருந்து மாமியார் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது அவளாகவே கேட்கிறாள்: "இப்பிடி உதிர்க்கிறதை உங்கட பாஷையில என்னெண்டு சொல்லுறது?" "ஹொகுசு." ஹருகா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, யோகாவின் இறுகிய தோள்களை மெல்லப் பிசைகிறாள். "இதுவும் ஹொகுசு. மனசுக்கும் அதுதான், மாமி." அந்த 'மாமி'யை இரவெல்லாம் சொல்லிப் பழகியிருப்பாள் போலிருக்கிறது. அடுப்பில் வெங்காயம் கருகுகிற மணம் வருகிறது. "கருகினாக் கருகட்டும். இன்னும் கொஞ்சம் கீழ, பிள்ளை," என்கிறாள் யோகா, கண்ணை மூடியபடி.