வைக்கோல் கடன்

மாதா கோயில் மணிக்கூண்டில் குடியிருந்த சிட்டுக்குருவி, கூடு கட்டுவதற்காகப் பக்கத்து மாடத்துப் புறாவிடம் கொஞ்சம் வைக்கோல் கடன் வாங்கியது.

"கிறிஸ்துமஸ் குடிலைப் பிரிச்சதும் திருப்பித் தந்துடறேன்க்கா" என்றது.

அந்த வருஷம் பார்த்துக் குடிலைத் தெர்மாகோலில் செய்துவிட்டார்கள். ஒரு வைக்கோல்கூடக் கிடைக்கவில்லை. வெட்கத்தில் குருவி, புறாவின் கண்ணில் படாமல் பின்பக்க ஜன்னல் வழியாகவே போய்வந்தது.

ஒரு நாள் புறாவே தேடி வந்துவிட்டது.

"வைக்கோல் போனா போகட்டும்டி. நீயுமா போகணும்?"

மறுநாள் விடிவதற்குள் குருவி வந்து உட்கார்ந்து ஊர்க்கதை பேச ஆரம்பித்தது. உச்சிவெயில் வந்தும் நிறுத்தவில்லை.

"கடன்தான் தீர்ந்துபோச்சேடி!" என்று கெஞ்சியது புறா, தூக்கக் கலக்கத்தோடு.

"அது வைக்கோல் கடன்க்கா. இது தீராது" என்று இன்னும் நெருங்கி உட்கார்ந்தது குருவி.