பாதிச் சோறு

உள்ளங்கையில் அடங்கும் குட்டியாக வந்ததால், அந்தக் கிரேட் டேன் நாய்க்குக் கடுகு என்று வீட்டார் பேர் வைத்தார்கள். "அம்மா வந்தாச்சு, ஓடிப்போய் மடியில ஏறு!" என்று பழக்கியதும் அவர்கள்தான்.

ஒரே வருஷத்தில் கடுகு கன்றுக்குட்டி உயரம் வளர்ந்துவிட்டது. அப்போதும் அம்மாவைக் கண்டால் ஆசை ஆசையாய் மடிக்குத்தான் தாவியது. ஒருநாள் அது தாவிய வேகத்தில் அம்மா விழுந்து கை ஒடிந்தது. அந்த வாரமே கடுகை நாய்க் காப்பகத்தில் விட்டுவிட்டுப் போனார்கள்.

அங்கே அது தினமும் பாதிச் சோற்றை மிச்சம் வைத்தது.

"ஏண்டா, சோறு பிடிக்கலையா?" என்று கேட்டது, அதே கூண்டில் இருந்த நாட்டு நாய் செவலை.

"நல்லாத்தான் இருக்குண்ணே, பசியும் இருக்கு. ஆனா பழையபடி சின்னதாயிட்டேன்னா வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்கல்ல?"

தினமும் அந்த மிச்சத்தைத் தின்று தேறியிருந்த செவலைக்கு, அன்று ஒரு வாய்கூட உள்ளே இறங்கவில்லை.